நாற்பத்தொன்றாம் குறை

குளிர்பதனக் கிடங்கில் அவளுக்குப் புள்ளி என்று பெயர். வயதில் சின்னவர்கள் புள்ளியக்கா என்பார்கள். மேனேஜர் மட்டும் மேடம் என்பார், அதுவும் தனக்கு ஏதாவது காரியம் ஆக வேண்டியிருந்தால். பெயர் வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம், நான்காம் அறையின் தாளில் மைனஸ் பதினெட்டு டிகிரி என்று எழுதியிருந்ததைப் பார்த்து, "இது பதினெட்டு இல்லைங்க, ஒண்ணு புள்ளி எட்டு. நடுவுல ஒரு புள்ளியைக் காணோம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு லாரி மீன் தரையை நனைத்துக்கொண்டு படுத்திருந்தது. சிரித்தவர்கள்தான் அதை அள்ளினார்கள். அன்றிலிருந்து புள்ளி.

குறை கண்டுபிடிப்பது சிலருக்குப் பொழுதுபோக்கு. இவளுக்கு அது மூச்சுவிடுவது மாதிரி, நிறுத்தினால் முகம் நீலமாகிவிடும். தன் கல்யாண ஆல்பம் வந்த அன்று குடும்பமே சுற்றி உட்கார்ந்து உருகிக்கொண்டிருக்க, இவள் சொன்ன முதல் வார்த்தை, "பதினோராம் பக்கத்தைத் தலைகீழா ஒட்டியிருக்கான்." வீட்டுக்காரர் அதே கிடங்கில் குளிர்லாரி ஓட்டுகிறவர். நல்ல மனுஷன். அவர் அன்றைக்கே புரிந்துகொண்டு, அதற்குப் பிறகு சட்டைப் பொத்தானைக் கண்ணாடி பார்க்காமல் போட்டதில்லை.

கிடங்கில் ஆறு அறைகள். ஆறிலும் ஒவ்வொரு நிமிடமும் எத்தனை டிகிரி என்று படித்து, வெளியே எங்கோ இருக்கும் கிளவுட் சேமிப்புக்கு அனுப்புவது ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அந்தப் பெட்டி ஓடும்போது கர்ர்ர்... புஸ்ஸ்... கர்ர்ர்... புஸ்ஸ்... என்று ஒரு சத்தம். முதல் நாள் கேட்டதுமே, வீட்டில் பக்கத்துத் தலையணையிலிருந்து வருகிற சத்தமேதான் என்று கண்டுகொண்டாள். பெட்டிக்கு ஒரு பெயர் கொடுக்கச் சொல்லித் திரை கேட்டபோது, இங்கிலீஷ் எழுத்தில் 'குறட்டை' என்று தட்டிவிட்டாள். இதை வீட்டில் சொன்னதும் ஒரு வாரம் சிரிப்பு. வீட்டுக்காரர் மட்டும், "நான் அப்படியெல்லாம் விடுறதில்ல" என்று அந்த ஒரு வாரமும் தூங்கும்வரை வாதாடினார்.

இந்தக் குறட்டையும் அந்தக் கிளவுட்டும் பேசிக்கொள்வதில்தான் சிக்கல். கிளவுட் பக்கத்து மென்பொருள் ஓப்பன் சோர்ஸ். யாருடைய சொத்தும் இல்லை, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், கொடுக்கலாம். ஆனால் அதனிடம் போய் "இந்தா, இதை வை" என்று சொல்ல ஒரு நடு ஆள் வேண்டும். அரசாங்க ஆபீஸ் வாசலில் ஃபாரம் நிரப்பித் தருகிறவர் இருப்பாரே, அவர் மாதிரி. நாம் விஷயத்தைச் சொன்னால் போதும், அவர் ஃபாரம் நிரப்பி, வரிசையில் நின்று, ஜன்னலை மூடினால் திரும்பப் போய், ரசீது வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். அந்த நடு ஆளுக்குத்தான் க்ளையன்ட் லைப்ரரி என்று பெயர். புது மொழிகளுக்கெல்லாம் ஆள் இருந்தார்கள். குறட்டை பேசும் கிழட்டு மொழிக்கு மட்டும் யாரும் இல்லை.

எனவே புள்ளி தானே எழுத ஆரம்பித்தாள். சாப்பாட்டு இடைவேளையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் எழுதினாள். முழுதாகப் படித்தவளும் இல்லை. தட்டச்சு வகுப்பு, ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு, மிச்சம் எல்லாம் பிடிவாதம். கிடங்குக்கு வேண்டியது நான்கு மாதத்திலேயே ஓட ஆரம்பித்தது. அதை அந்த ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்குக் கொடுத்து, அவர்களுடைய அதிகாரபூர்வப் பட்டியலில் தன் பெயரோடு ஒரு வரி வர வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. ஒரு மொழிக்கு ஒரு லைப்ரரி, அதன் பக்கத்தில் எழுதியவர் பெயர். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காகப் பதினான்கு மாதம் இழைத்தாள். எல்லோரும் எழுந்து போன பிறகும் விடைத்தாளைக் கொடுக்காமல் மார்ஜின் போட்டுக்கொண்டிருக்கும் முதல் பெஞ்சுப் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் புள்ளி.

"இன்னும் கொடுக்கலையா அண்ணி?" என்று கொழுந்தன் கேட்பான்.

"இன்னும் முடியல."

"என்ன மிச்சம்?"

"உனக்குச் சொன்னா புரியாது."

கொழுந்தனுக்கு அவசரம் என்று பெயர். ஏழாம் மாதத்தில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், டாக்ஸியிலேயே பிறந்துவிட்டான். டாக்ஸிக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அப்படி என்னப்பா அவசரம் உனக்கு?" என்று கேட்டாராம். அதுவே நிலைத்துவிட்டது. கண்ணாடிச் சுவர் வைத்த ஆபீஸில் மென்பொருள் எழுதுகிறான். காலில் இரண்டு நிறத்தில் சாக்ஸ். சிரித்தால் பக்கத்து மேஜையும் சிரிக்கும். புள்ளிக்கு அவனைப் பிடிக்கும். அதுதான் பின்னால் வந்த தலைவலிக்கே காரணம். பிடிக்காதவனாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், எல்லோரும் சாப்பாட்டு மேஜையில் இருந்தார்கள்.

"அண்ணி, ஒரு விஷயம். கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்கற விஷயமா இருந்தா கோவிச்சுப்பேன். சொல்லு."

"நீங்க எழுதிட்டிருக்கீங்களே அந்த லைப்ரரி... எங்க ஆபீஸுக்கும் அதே மாதிரி ஒண்ணு தேவைப்பட்டுச்சு. ஒரு ஃபேக்டரியில அதே பழைய பெட்டிங்க. நான் ஒண்ணு எழுதிட்டேன்."

"எப்போ?"

"எழுத ஒன்பது நாளாச்சு. வெள்ளிக்கிழமை ப்ராஜெக்ட்ல போட்டுட்டேன். உங்களுக்காக ரெண்டு மாசம் காத்திருந்தேன் அண்ணி, சத்தியமா. நீங்கதான் இன்னும் முடியல, இன்னும் முடியலன்னு..."

"ஒன்பது நாளா!" மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார். அவருக்கு லைப்ரரி என்றால் புத்தகம் இரவல் தரும் இடம். ஆனால் ஒன்பது, பதினான்கைவிடச் சின்னது என்று தெரியும். "கேட்டியா பெரியவனே? ஒன்பது நாள்ல முடிச்சிருக்கான் உன் தம்பி. பொறந்ததுலேர்ந்தே அவன் அப்படித்தான்."

"நல்லதுதானே" என்றாள் புள்ளி. அந்த 'நல்லதுதானே'யில் நான்காம் அறையின் குளிர் இருந்தது. வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தட்டில் இல்லாத ஏதோ ஒன்றை அவசரமாகத் தேட ஆரம்பித்தார்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், டப்பாவைத் திறக்காமல், அவன் எழுதியதைத் திறந்தாள். ஒரே ஒரு பிரார்த்தனை: இவன் என்னுடையதைத் திருடியிருக்க வேண்டும். அவள்தான் ஒருமுறை ஆசையாகக் கூப்பிட்டுத் திரையைக் காட்டியிருந்தாளே. திருடியிருந்தால் திருடன் என்று சொல்லிவிடலாம், அழலாம், மாமியாரிடம் நீதி கேட்கலாம். வரி வரியாகப் பார்த்தாள். பாவி, ஒரு வரிகூடத் திருடவில்லை. அத்தனையும் அவனுடையது. கந்தல், ஆனால் சொந்தக் கந்தல். ஒரு இடத்தில் "இது ஏன் வேலை செய்யுதுன்னு எனக்கே தெரியல, ஆனா செய்யுது" என்று குறிப்பு வேறு.

அந்தக் கந்தலுக்குக் கீழே பன்னிரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். ஒருவர் இதயம் வேறு போட்டிருந்தார். பதினான்கு மாதத்தில் புள்ளிக்கு விரல் காட்டியது வீட்டுக்காரர் ஒருவர்தான், அதுவும் லாரியைப் பின்னால் எடுக்கும்போது. மாலைக்குள் பதினைந்தாகிவிட்டது. ஒவ்வொன்றையும் திறந்து யார் யார் என்று பார்த்தாள். அந்த இதயம் போட்டவர் எல்லாவற்றுக்கும் இதயம் போடுகிறவர் என்று கண்டுபிடித்ததில் அரைமணி நேரம் நிம்மதி கிடைத்தது.

அந்தத் திட்டத்தில் ஒரு முறை உண்டு. யார் எதைக் கொடுத்தாலும் மூன்று வாரம் எல்லோர் பார்வைக்கும் திறந்து கிடக்கும். குறை சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் "நல்லாயில்லை" என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது. எந்த வரி, என்ன தப்பு, எப்படித் திருத்தலாம் என்று எழுத வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் கொடுத்தவர் பதில் சொல்லித் தீர்க்க வேண்டும். ஒன்று பாக்கி இருந்தாலும் பட்டியலில் சேராது. முடிவு சொல்வது திட்டத்தின் பொறுப்பாளர். அவர் ஆந்தைப் படம் வைத்திருப்பவர். ஆணா, பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. எல்லோரும் ஆந்தை என்றே சொல்வார்கள்.

குறை சொல்ல வேண்டும், எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம், சொல்லச் சொல்ல வேலை நிற்கும். உலகத்தில் புள்ளிக்காகவே யாரோ உட்கார்ந்து தைத்த சட்டை மாதிரி இருந்தது அந்த விதி.

புதிதாக ஒரு கணக்குத் தொடங்கினாள். பெயர்: வழிப்போக்கர். படம் கிடையாது, வெறும் சாம்பல் வட்டம். முதல் நாள் ஏழு குறை போட்டாள். பதின்மூன்றாம் வரி, நாற்பதாம் வரி, எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று. இவனுக்குக் கண்ணைக் கட்ட வேண்டும், இரண்டு மூன்று நாளில் சலித்து, "சரிதான் போங்கடா" என்று எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று கணக்கு. ஆளைத்தான் தெரியுமே, வாஷிங் மெஷின் முடியும்வரைகூடக் காத்திருக்காமல் ஈரத்தோடு சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்கிறவன்.

பத்தே நிமிடத்தில் ஏழுக்கும் பதில் வந்தது. "அருமை! நன்றி! திருத்திட்டேன்!" ஏழு நன்றி, ஏழு ஆச்சரியக்குறி.

மறுநாள் எட்டு குறை. எட்டு நன்றி. அதற்கு மறுநாள் ஆறு. ஒன்று பெரிய குறை: பாதி அனுப்பிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பதிவு இரண்டு தடவை ஏறிவிடும். அதைச் சரிசெய்ய அவளுக்கே மூன்று வாரம் ஆனது. இவன் ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டு, "இதைப் பத்தி நான் யோசிக்கவே இல்ல. நீங்க சொன்ன வழியிலேயே செஞ்சிருக்கேன். ரொம்ப ரொம்ப நன்றி" என்று எழுதினான். கூடவே கைகூப்பும் பொம்மை. புள்ளிக்கு அந்தப் பொம்மையின் கையைப் பிடித்துத் திருக வேண்டும் போலிருந்தது.

வாரக் கடைசியில் சாப்பாட்டு மேஜையில் அவன் சொன்னான்:

"அண்ணி, யாரோ ஒரு வழிப்போக்கராம். என்னைத் துணி புழியற மாதிரி புழிஞ்செடுக்கறாரு."

"அப்படியா" என்றாள் புள்ளி. தண்ணீர் குடிக்கக் குவளையைத் தேடினாள். அது கையிலேயே இருந்தது.

"ஆனா தங்கமான மனுஷன். காசு கொடுத்தாக்கூட யாரும் இப்படி உக்காந்து பார்க்க மாட்டாங்க. எனக்காக எவ்வளவு நேரம் செலவு பண்றாரு, பாருங்களேன்."

"யாரு பெத்த புள்ளையோ" என்றார் மாமியார் நெகிழ்ந்துபோய். "என் சின்னவனுக்காக இப்படிக் கஷ்டப்படுதே. அது நல்லா இருக்கணும். கை கால் சுகத்தோட நூறு வருஷம் இருக்கணும்."

இதுவரை அந்த வீட்டில் புள்ளிக்கு மாமியார் கொடுத்த முதல் முழு ஆசீர்வாதம் அது. அதையும் வேறு பெயரில்தான் வாங்க வேண்டியிருந்தது. அவளுக்குப் புரையேறியது. மாமியார் தலையில் தட்டி, "மெதுவா குடிம்மா, யாரோ நினைக்கறாங்க" என்றார்.

இரண்டாம் வாரம் முடிவில் நாற்பது குறைகள். நாற்பதும் தீர்ந்துவிட்டன. அப்போதுதான் ஒரு மதியம், ரொட்டித் துண்டைக் கடித்தபடி மேலிருந்து கீழ்வரை மொத்தமாகப் படித்தவளுக்கு உறைத்தது. கந்தல் எங்கே? காணோம். இப்போது அது நல்ல லைப்ரரி. மிக நல்ல லைப்ரரி. எந்த இடத்தைத் தொட்டாலும் அவளுடைய கை தெரிந்தது. கட்டைவிரல்கள் முப்பத்தொன்று. கெடுக்கப் போனவள் பதினான்கு மாதத்துச் சம்பாத்தியத்தை, பத்துப் பத்து வரியாக, அவன் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அந்தப் பட்டியலில் ஏறப் போகும் பெயரோ அவனுடையது.

ரொட்டியை டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

இருக்கட்டும். இன்னும் ஒன்று கையில் இருக்கிறது.

அந்த ஒன்று இதுதான். நிறையப் பேர் ஒரே சமயத்தில் முட்டினால் கிளவுட், "கொஞ்சம் பொறு" என்று ஒரு எண்ணைச் சொல்லித் திருப்பி அனுப்பும். அத்தனை வினாடி காத்திருக்க வேண்டும் என்று விளக்கப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஆனால் பழைய பதிப்பில் ஓடும் சர்வர்கள் வினாடியில் சொல்வதில்லை, வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்கின்றன. மூவாயிரம் என்றால் மூன்று வினாடி. புத்தகத்தை நம்புகிறவன் மூவாயிரம் வினாடி, அதாவது ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருப்பான். கிடங்கு பேசுவது அப்படி ஒரு பழைய சர்வரோடுதான். அவளுடைய லைப்ரரி ஓட ஆரம்பித்த முதல் மாதத்தில் நான்காம் அறைக் கதவு சரியாக மூடாமல் கிடந்தபோது, குறட்டை ஐம்பது நிமிடம் ஒரு எச்சரிக்கையும் அனுப்பாமல் சும்மா கர்ர்ர்... புஸ்ஸ்... என்று விட்டுக்கொண்டிருந்தது. கதவடியில் தண்ணீர் ஓடுவதைப் புள்ளி கண்ணால் பார்த்ததால் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு எழுதிய பத்தொன்பது வரிகள்தான் அவள் லைப்ரரியிலேயே அவளுக்கு ரொம்பப் பிடித்த இடம். முதலில் சர்வரிடம் "உனக்கு என்ன வயசு?" என்று கேட்கும், பிறகு அதற்குத் தகுந்தபடி காத்திருக்கும்.

அவசரத்தின் லைப்ரரி புத்தகத்தை நம்பியிருந்தது. இது இவளுக்கு முதல் நாளே தெரியும். நாற்பது எழுதியவள் இதை மட்டும் எழுதவில்லை. சேரட்டும், சேர்ந்து ஒரு மாதம் ஓடட்டும். எங்காவது ஐம்பது நிமிடம் தூங்கி மானம் போகட்டும். அப்போது நான் என்னுடையதோடு நிதானமாக வாசலில் போய் நிற்பேன். இந்த நினைப்பை ஒரு மிட்டாய் மாதிரிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மூன்று நாள் திரிந்தாள்.

நாலாம் நாள் மேனேஜர் வந்து, "மேடம்" என்றார். ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

"சொல்லுங்க."

"உங்க கொழுந்தன் பெரிய ஆளாமே! உங்க வீட்டுக்காரர் லாரி இறக்கற இடத்துல சொல்லிட்டிருந்தாரு. வர்ற வெள்ளிக்கிழமை அவரோடது அதிகாரபூர்வமா வந்துடுதாம்?"

"வருதுபோல."

"அப்போ திங்கட்கிழமையிலிருந்து நம்ம பெட்டியிலயும் அதையே போட்டுடுங்க. மேலிடத்துல கேட்டா, பட்டியல்ல இருக்கறதைத்தான் போட்டிருக்கோம்னு சொல்லிக்கலாம். நீங்க சொந்தமா எழுதினதுக்கு யார் மேடம் பொறுப்பு? குத்தமா சொல்லல. உங்களதும் நல்லாத்தான் இருக்கு."

"அந்த முதல் மாசத்துக்கு அப்புறம் என்னது ஒரு தடவைகூட நிக்கலையே சார்."

"அது சரி. பட்டியல்ல இருக்கா?"

அவர் போன பிறகு வெகுநேரம் குறட்டையின் எதிரே உட்கார்ந்திருந்தாள். தன் இடத்துக்கே, தன் பெட்டிக்கே, அவன் வந்து உட்காரப் போகிறான். அந்த ஆத்திரம் கொஞ்சம் அடங்கியபோதுதான் கன்னத்தில் அடக்கியிருந்த மிட்டாயின் உண்மையான ருசி நாக்கில் பட்டது. எங்காவது ஐம்பது நிமிடம் தூங்கட்டும் என்று நினைத்தாளே, அந்த 'எங்காவது' இங்கேதான். நான்காம் அறை. இப்போது அதில் மீன் இல்லை, மூன்று ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் மருந்துப் பெட்டிகள் இருக்கின்றன. அந்தக் கதவு இன்றைக்கும் சரியாக மூடாது. இழுத்து ஒரு உதை விட வேண்டும்.

மேனேஜரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லலாம். "கொழுந்தன்மேல பொறாமைல சொல்றீங்களா மேடம்?" என்று கேட்பார். இல்லை என்று சொன்னால் அது பொய்.

கணினியைத் திறந்தாள். வழிப்போக்கராக, நாற்பத்தொன்றாம் குறை: காத்திருக்கும் இடம், இருநூற்று ஆறாம் வரி. பழைய சர்வர், ஆயிரத்தில் ஒரு பங்கு, ஐம்பது நிமிடம், திருத்தப் பத்தொன்பது வரி. எல்லாம் எழுதினாள். ஆந்தை அரைமணியில் வந்தது. "புத்தகத்தில் வினாடி என்றுதானே இருக்கிறது? நடந்ததற்கு ஆதாரம் உண்டா?"

ஆதாரம் இருந்தது. அன்றைய பதிவு முழுவதையும் அவள் பத்திரமாக வைத்திருந்தாள். குளிர்பதனக் கிடங்கில் ஒரு விதி உண்டு. அதை அங்கே எல்லோருக்கும் காதைத் திருகாத குறையாகச் சொல்லிக்கொடுத்ததே புள்ளிதான்: பதிவை வெட்டக் கூடாது. ஒரு வரியை எடுத்தாலும் அது பதிவு இல்லை, பொய். நல்லதோ கெட்டதோ முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அப்படியே கொடுக்க வேண்டும். அவள் அப்படியே கொடுத்தாள். அறுநூறு வரி. அதன் முதல் வரி, பெட்டியின் பெயர்.

கையெழுத்தை மறைத்து, படத்தை மறைத்து, வேறு பெயரில் வந்து, கடைசியில் வீட்டு முகவரி அச்சடித்த கவரில் மொட்டைக் கடிதம் போட்ட மாதிரி ஆயிற்று. ஆனால் வெட்டியிருக்கலாமே என்று அவளைக் கேட்டுப் பாருங்கள். இன்றைக்கும், "பதிவை எப்படி வெட்டறது?" என்றுதான் சொல்வாள்.

அன்று நன்றி வரவில்லை. பத்து நிமிடம் ஆனது, ஒரு மணி ஆனது, வேலை முடியும்வரை பார்த்தாள். இருநூற்று ஆறாம் வரிக்குக் கீழே வெறுமை.

சாயங்காலம் அவள் சமையலறைத் தொட்டியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவன் வந்து கதவு நிலையில் சாய்ந்தான். இரண்டு காலிலும் ஒரே நிறச் சாக்ஸ். அதைப் பார்த்ததுமே நிலைமை மோசம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணி, குறட்டை சௌக்கியமா?"

தட்டு கையிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போனது.

"நாற்பது தடவை நன்றி சொன்னேன் அண்ணி. எதுத்தாப்புல உக்காந்து சாப்பிட்டுட்டே இருந்தீங்க. ஒரு தடவையாவது, நான்தான்டான்னு சொல்லியிருக்கலாமே?"

"நல்லதுக்குப் பண்ணல" என்றாள் புள்ளி. திரும்பவில்லை. "நீ விட்டுட்டு ஓடணும்னு பண்ணேன்."

"ஏன்?"

"ஏன்னா? பொறாமைடா. பதினாலு மாசம். நீ ஒன்பது நாள். உனக்கு முப்பத்தோரு விரலு, எனக்கு ஒண்ணுகூட இல்ல. வயிறு எரிஞ்சுது. எரியறப்போ மனுஷி என்ன பண்ணுவா? கடைசிக் குறையைச் சொல்லவே கூடாதுன்னு மூணு நாள் வாயை மூடிட்டுத் திரிஞ்சேன். அதையும் தெரிஞ்சுக்கோ."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவன் வந்து அதை மூடினான்.

"நான் ரெண்டு மாசம் காத்திருந்தேன்னு சொன்னேன்ல? பொய்" என்றான். "நீங்க ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டினீங்களே, அன்னிக்கு என் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திட்டு உக்காந்துட்டேன். நான் படிச்சவன், ஆபீஸ்ல வேலை பார்க்கறவன். எனக்கு அப்படி எழுத வராது அண்ணி. இவங்க கொடுத்துட்டா அப்புறம் என்னது எதுவும் எடுபடாதுன்னு தெரிஞ்சுபோச்சு. உங்களுக்கு முன்னாடி போட்டாதான் உண்டுன்னுதான் ஒன்பது நாள். தூங்கவேயில்ல."

புள்ளி இப்போது திரும்பினாள். கையிலிருந்து சோப்பு நுரை தரையில் சொட்டியது.

"நிஜமாவா?"

"நிஜமா."

"என்னைப் பார்த்தா?"

"ஏன், அதையும் எழுதித் தரணுமா?"

பதினான்கு மாதத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அது பொறாமை உருவத்தில் வந்ததால் அவளால் நம்ப முடிந்தது. வாயால் புகழ்ந்திருந்தால் அதில் பத்துக் குறை கண்டுபிடித்திருப்பாள்.

"இருநூத்தாறாம் வரியை நான் திருத்தப் போறதில்ல" என்றான் அவன். "உங்க பத்தொன்பது வரியை நீங்களே கொடுங்க. உங்க பேர்ல. திருத்தத்துக்குப் புதுசா மூணு வாரம் கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள்ள. இல்லன்னா அந்தக் குறை அப்படியே நிக்கும், நானும் பட்டியல்ல ஏற மாட்டேன்."

"மிரட்டறியா?"

"பின்ன? ஏழு மாசத்துல பொறந்தவன்கிட்ட உங்க விளையாட்டா?"

அவளுக்கு இருந்தது இரண்டு நாள். அந்தப் பத்தொன்பது வரியில் இன்னும் மூன்று இடம் இழைக்க வேண்டியிருந்தது. ஒரு குறிப்பில் ஒரு வார்த்தை உறுத்தியது. வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், இழைக்காமல், அந்த வார்த்தையையும் மாற்றாமல், தன் சொந்தக் கணக்கிலிருந்து அனுப்பிவிட்டு, கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வருவதற்குள் அவசரம் ஒரு குறை போட்டிருந்தான். "பதினொன்றாம் வரி: சர்வர் பதிலே சொல்லாவிட்டால்? என்றென்றைக்கும் நின்றுவிடுமே."

பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள். இத்தனை மாதம் கண்ணில் படாத ஓட்டை, வாசல் கதவு அளவுக்குத் திறந்து கிடந்தது.

திருத்த ஏழு நிமிடம் ஆனது. அதற்குக் கீழே நன்றி என்று எழுதத்தான் சாயங்காலம்வரை ஆனது. ஆச்சரியக்குறி போடவில்லை. மனுஷியின் சக்திக்கும் ஓர் அளவு உண்டு.

வெள்ளிக்கிழமை ஆந்தை ஒப்புக்கொண்டது. பட்டியலில் ஒரு வரி, இரண்டு பெயர். கொடுத்த தேதி வரிசைப்படி அவன் பெயர் முன்னால், அவள் பெயர் பின்னால். "எங்க ரெண்டு புள்ளைங்களும்" என்று மாமியார் பக்கத்து வீட்டு நர்ஸம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைப் புள்ளி ஜன்னல் வழியாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, நிதானமாகப் போய்க் கணினியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணினாள். அவனுடையதற்கு இப்போது நாற்பத்து நான்கு விரல். அவளுடைய பத்தொன்பது வரிக்கு மேல்நோக்கி நான்கு, கீழ்நோக்கி ஒன்று.

கீழ்நோக்கியா? யார் அந்தப் படுபாவி? திறந்து பார்த்தாள். அன்று காலையில்தான் தொடங்கிய கணக்கு. படத்தில் ஒரு குளிர்லாரி.

"நான்தான்" என்றார் வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றியபடியே, முகமெல்லாம் பல்லாக. "தம்பிகிட்ட கேட்டுக் கேட்டு நானே கணக்கு ஆரம்பிச்சு, நானே அழுத்தினேன். பார்த்தியா? விரலு போட்டிருக்கேன் பாரு."

அவசரம் எட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "அண்ணா, கீழ காட்டற விரலை அழுத்தியிருக்கீங்க! உங்க பெண்டாட்டி எழுதினது மட்டம்னு உலகத்துக்கே சொல்லியிருக்கீங்க!"

வீட்டுக்காரர் முகம் சுருங்கிப்போனது. "ஐயோ, கண்ணாடி போடல. எது மேல, எது கீழன்னு..."

"ஒரே க்ளிக்தான், மாத்திடலாம். தள்ளுங்க."

"தொடாத" என்றாள் புள்ளி. "இருக்கட்டும்."

"ஏன் அண்ணி?"

"பதிவை வெட்டக் கூடாது."

அவர் இன்னும் ஒரு காலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். சட்டையில் நடுப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி, நாற்பத்து நான்கை இன்னொரு தடவை எண்ணினாள்.